யாருக்கு அரிது?

எங்கள் பெரியம்மாவுக்குக் கைதான் கண். பழவேற்காடு ஏரியின் கலங்கல் தண்ணீரில் இடுப்பளவு நின்று, குனிந்து, சேற்றைத் துழாவி, விரலில் படுவது இறாலா நண்டா கெளுத்தியா என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். இறால் என்றால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவாள். கெளுத்தி என்றால் கை தானாக விலகிக்கொள்ளும். அதன் முள் ஏறினால் இரண்டு நாள் கூலி போச்சு. படகும் வலையும் இல்லாத வீட்டுப் பெண்களுக்கு ஏரிக்கரையில் வாய்த்த தொழில் இது. தோணிரேவு என்றால் தோணி வந்து அடையும் துறை. ஆனால் பெரியம்மா தோணியில் ஏறியதைவிடத் தண்ணீரில் நடந்ததுதான் அதிகம்.

அந்தக் கைதான் முதலில் கண்டுபிடித்தது. ஐம்பத்தொன்றாவது வயதில் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "உள்ள இன்னாவோ கீதும்மா. வலியெல்லாம் இல்ல. பாரம். குனிஞ்சா முன்னால வந்து இடிக்குது." வயிற்றின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு ஒரு பெயர் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது.

முதலில் மருந்துக் கடை. வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒரு தனியார் கிளினிக். "தீட்டு நிக்கிற வயசு, உடம்பு ஊதத்தான் செய்யும்" என்றார் மருத்துவர். வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு ஸ்கேன். கர்ப்பப்பையில் சிறிய நார்க்கட்டி இருப்பதாக அறிக்கை வந்தது. அது உண்மைதான். அந்த வயதுப் பெண்கள் பலருக்கு அப்படி ஒன்று இருக்கும். ஆனால் அவள் காட்டிய இடம் கர்ப்பப்பை இருக்கும் இடமே அல்ல. அதை யாரும் கேட்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்கள். ஊரில் வேறு மாதிரிப் பேச்சு. இந்த வயதில் கர்ப்பமா என்று கேலி. செய்வினை என்று ஒரு கிசுகிசுப்பு. பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "கொழுப்பு."

சொன்னவருக்குத் தெரியாமலே அந்த வார்த்தை உண்மையைத் தொட்டிருந்தது. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில், பயிற்சியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர், "எங்கே இடிக்குதுன்னு உங்க கையாலயே காட்டுங்கம்மா" என்றார். பெரியம்மா அவருடைய கையைப் பிடித்து வைத்தாள். அடுத்த வாரம் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றின் பின்பகுதியில், இடது சிறுநீரகத்தை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, இருபத்திரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்திருந்தது. லைப்போசார்கோமா. கொழுப்புத் திசுவில் பிறக்கும் புற்றுநோய்.

இந்தக் கட்டுரை அவளுடைய நோயைப் பற்றியது மட்டும் அல்ல. அந்தப் பதினான்கு மாதங்களில் அவளுக்கு ஓர் அநீதி நடந்ததா என்ற கேள்வியைப் பற்றியது. அதற்கு விடை எளிதல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

*

நோயைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். மார்பகம், கர்ப்பப்பை வாய், குடல், வாய் என்று நாம் அதிகம் கேள்விப்படும் புற்றுநோய்கள் பெரும்பாலும் உறுப்புகளின் மேற்பரப்பிலும் சுரப்பிகளிலும் தொடங்குபவை. சார்கோமா அப்படியல்ல. அது உடம்பைத் தாங்கியும் இணைத்தும் நிற்கும் திசுக்களில், அதாவது கொழுப்பு, தசை, இரத்தக்குழாய்ச் சுவர், நரம்பு உறை போன்றவற்றில் பிறக்கிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசு சார்கோமா நூற்றில் ஒன்று அளவுதான். அதில் வயிற்றின் பின்பகுதியில் வருவது மேலும் சிறிய பங்கு. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். ஆனால் வகைகளோ ஐம்பதுக்கும் மேல்.

குடலைச் சுற்றியிருக்கும் உறைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சிறுநீரகங்களும் பெரிய இரத்தக்குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே வளரும் கட்டியைத் தடுக்க எலும்புக்கூடு இல்லை. குடல் ஒதுங்கி வழிவிடும். அதனால் வலிக்காமலே தேங்காய் அளவுக்கும், அதற்கு மேலும் வளரும். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, பாவாடை நாடா இறுகுவது, முதுகில் ஒரு மந்தமான நோவு, ஒரு கால் மட்டும் வீங்குவது. அறிகுறிகள் இவ்வளவுதான். இவற்றில் ஒன்றாவது இல்லாத நாற்பது வயதுப் பெண்ணை நம் தெருவில் காட்ட முடியுமா?

கண்டறியும் முறையும் தெரிந்திருக்க வேண்டியதே. வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன், பின்புறக் கட்டியைத் தவறவிடலாம். மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்தான் கட்டி எங்கே தொடங்குகிறது, எதை நெருக்குகிறது என்று காட்டும். அடுத்தது பயாப்சி. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் சில செல்கள் பெரும்பாலும் போதாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, முதுகுப் பக்கமாகக் கொஞ்சம் தடித்த ஊசியைச் செலுத்தித் திசுத் துண்டு எடுப்பார்கள். "ஊசி பட்டா பரவிடும்" என்று எங்கள் ஊரிலும் சொன்னார்கள். சரியான வழியில் எடுத்தால் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. என்னவென்று தெரியாமல் வயிற்றைத் திறந்து கட்டியைப் பாதி எடுப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இந்த நோயில் முதல் அறுவை சிகிச்சைதான் சிறந்த வாய்ப்பு. கட்டியை, ஒட்டியிருக்கும் உறுப்போடு சேர்த்து, உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். அதனால்தான் கத்திக்கு முன் பெயர் வேண்டும்.

அந்தப் பெயரும் சுலபத்தில் கிடைப்பதில்லை. லைப்போசார்கோமாவில் ஒரு வகை, நுண்ணோக்கியில் சாதாரணக் கொழுப்பைப் போலவே இருக்கும். எம்டிஎம்2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று தனிச் சோதனை செய்துதான் பிரித்தறிய வேண்டும். அந்தச் சோதனை ஒவ்வொரு ஊரிலும் கிடைக்காது. பழகிய கண்ணுள்ள நோயியல் மருத்துவரும் கிடைக்கமாட்டார்.

*

இப்போது கேள்விக்கு வருவோம். லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயை முதல் பார்வையில் சந்தேகிக்காதது குற்றமா?

மருத்துவர்கள் தரப்பில் வலுவான நியாயம் இருக்கிறது. உப்புசம் என்று வரும் நூறு பெண்களில் நூறு பேருக்கும் அநேகமாக வாயுவோ, அல்சரோ, மாதவிடாய் மாற்றமோதான். எல்லோருக்கும் சிடி எடுத்தால் கதிர்வீச்சும் செலவும் மிஞ்சும். உண்மையில் உடனே தேவைப்படுபவருக்கு வரிசையில் இடம் கிடைக்காது. அதிகம் நடப்பதை முதலில் நினைப்பதுதான் நல்ல மருத்துவம். பெரியம்மாவும் சேற்றில் கை பட்டவுடன் இறால் என்றுதான் முதலில் நினைப்பாள், புதையல் என்று அல்ல.

இதை நான் ஏற்கிறேன். ஆனால் பெரியம்மாவின் கை இன்னொன்றும் செய்யும். இறால் என்று நினைத்தது குத்தினால், உடனே நினைப்பை மாற்றிக்கொள்ளும். முதல் ஊகம் தவறாவதில் குற்றம் இல்லை. ஊகத்தைத் தீர்ப்பாக்கிக் கதவைச் சாத்துவதில்தான் குற்றம் தொடங்குகிறது. "வாயுவாக இருக்கலாம், மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் திரும்பி வாங்க" என்று சொல்வதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். அப்படிச் சொன்னவர் நோயைத் தவறவிட்டாலும் நோயாளியைத் தவறவிடவில்லை. "வயசுக் கோளாறு" என்பவர் இரண்டையும் தவறவிடுகிறார். வயசு குறையப்போவதில்லை. அதனால் அந்தப் பதில் பொய் என்று நிரூபிக்கப்படவே முடியாது. பெண்ணுக்குச் சொல்லப்படும் காரணங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை: தீட்டு, மனசு, பயம், வயசு. எந்த அறிகுறியையும் விழுங்கிக்கொள்ளும் சொற்கள்.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவ அறிஞர் 2007இல் வெளியான தம் நூலில், ஒருவரை அறிவாளராக மதிக்காமல் விடுவதும் ஓர் அநீதி என்றார். அவர் இரண்டு வகை சொல்கிறார். சொல்பவர் யார் என்பதைப் பார்த்து, சொல்வதை நம்ப மறுப்பது ஒன்று. தன் அனுபவத்தைச் சொல்ல ஒருவருக்குச் சொல்லே கிடைக்காதபடி சமூகம் வைத்திருப்பது இன்னொன்று. பெரியம்மாவுக்கு இரண்டும் நடந்தன. "முன்னால வந்து இடிக்குது" என்பது மிகத் துல்லியமான தகவல். சேற்றுக்குள் இருப்பதைத் தொட்டே அடையாளம் காணும் ஒருத்தி சொன்ன தகவல். சீட்டில் அது "வயிற்று உப்புசம்" என்று எழுதப்பட்டது. அங்கேயே அவளுடைய அறிவு பாதி அழிந்துவிட்டது.

*

'அரிது' என்ற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். அது இயற்கை தந்த எண் மட்டுமல்ல, எண்ணுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட அக்கறையின் அளவும்கூட.

அமெரிக்காவில் ஏமி ரீட் என்ற மயக்கவியல் மருத்துவர், ஆறு குழந்தைகளின் தாய், 2013இல் கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு அறுவை செய்துகொண்டார். சிறு துளை வழியே எடுப்பதற்காகக் கட்டியைக் கருவியால் உள்ளேயே துண்டாக்கினார்கள். அது நார்க்கட்டி அல்ல, சார்கோமா. துண்டாக்கியதில் வயிற்றுக்குள் சிதறியது. நார்க்கட்டி என்று நினைப்பதில் சார்கோமா ஒளிந்திருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று வரை குறைவாகவே அதுவரை மதிப்பிடப்பட்டு வந்தது. ரீடும் அவர் கணவரும் விடாமல் கேள்வி கேட்ட பிறகு, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் கணக்கைத் திரும்பப் பார்த்தது. 2014 ஏப்ரலில் அது வெளியிட்ட மதிப்பீடு, நார்க்கட்டிக்காக அறுவைக்கு வரும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவர் என்றது. ஒரே நோய், ஒரே உடம்புகள். எண்ணிப் பார்த்ததும் அரிது அவ்வளவு அரிதாக இல்லை. ரீட் 2017 மே மாதம் இறந்தார். படித்தவர், மருத்துவர், பணக்கார நாட்டுக்காரர். அவருக்கே இப்படி என்றால், தோணிரேவுப் பெண்ணை எந்தக் கணக்கில் யார் சேர்த்திருப்பார்கள்?

பெயர் கிடைப்பதால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு நம் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற சார்கோமாவை நெடுங்காலம் சாதாரணத் தசைக் கட்டிகளோடு சேர்த்தே எண்ணினார்கள். அதில் கிட் என்ற மரபணு மாறியிருப்பதை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே இமாட்டினிப் என்ற மாத்திரை அதற்குக் கைகொடுத்தது. ஆனால் நோவார்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் தயாரித்தது பத்தாயிரத்துக்குள். நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. சட்டப் பிரிவையே எதிர்த்துப் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஒரு பெயர் பிரிந்து நின்றதால் மருந்து வந்தது. சட்டம் நின்றதால் அந்த மருந்து எட்டும் விலையில் இருந்தது. பெரியம்மாவின் கட்டிக்கு அந்த மாத்திரை பயன்படாது. அதைச் சொல்வதற்கும் அவள் கட்டியின் சரியான பெயர் தெரிந்தாக வேண்டும் அல்லவா?

*

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். ஏரியை ஒரேயடியாகச் சுரண்டிவிடாமல் காத்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டுவார்கள். பாராட்டலாம். ஆனால் அந்தப் பாடு தலைக்கட்டுக் கணக்கில் ஆண்களுக்கு உரியது, அதிலும் குறிப்பிட்ட சாதியின் ஆண்களுக்கு. பெண்ணுக்கு முறை கிடையாது. தமிழில் பாடு என்றால் துன்பம் என்றும் பொருள். அந்தப் பாடு மட்டும் எங்கள் பெண்களுக்குச் சீட்டுக் குலுக்காமலே விழும்.

ஆஸ்பத்திரியிலும் அதே முறைதான். ஸ்கேன் அறிக்கை வந்த அன்று பெரியவர் ஒருவர் பெரியப்பாவை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் பெரியம்மாவிடம் "ஒண்ணுமில்ல, சின்ன ஆப்ரேசன்" என்றார். அன்பினால்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு, தன் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளும் கடைசி ஆளாக அவளை ஆக்கியது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தோடு எடுத்துவிட்டார்கள். சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, வயது வந்த பெண்ணுக்காகத் தாய் சம்மதிக்கவும் முடியாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத உரிமை கணவனுக்கு எங்கிருந்து வரும்?

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தபோது பெரியம்மாவே கேட்டாள்: "சார், வயிறு என்னுது. என்கிட்ட பேசுங்க." அந்தப் பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படத்தைக் காட்டி, சிறுநீரகமும் போகும் என்பதையும் திரும்ப வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணியில எறங்கலாமா?" ஆறு மாதம் கழித்து இறங்கலாம் என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இந்தக் கதையில் என் பங்கும் உண்டு. அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். "பாட்டன் காலத்து ஆளு மாதிரி பேசாத பெரிம்மா, சீரகத் தண்ணி குடி" என்றவள் நான். படித்த பெண்ணாக, கேட்கத் தெரிந்தவளாக என்னை நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவளும் தன்னை நம்பவில்லை. சீசன் முடியட்டும், பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். தாங்குவதைப் பெண்ணின் குணமாகப் புகழ்ந்து புகழ்ந்து, தன் உடம்பே சொல்லும் செய்தியை அவள் காதில் விழாமல் செய்துவிட்டோம். அதற்காக அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புகழ்ச்சியை இனி என் வாயால் சொல்லமாட்டேன்.

*

பெரியம்மா நான்கு ஆண்டுகள் இருந்தாள். மூன்றாம் ஆண்டில் கட்டி திரும்பி வந்தது. பதினான்கு மாதம் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் இருந்திருப்பாளா என்று அறுவை செய்தவரிடம் கேட்டேன். "இந்த நோயில் அப்படிச் சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் பார்த்தும் திரும்பி வந்தவங்க உண்டு" என்றார் நேர்மையாக.

நான் வெகுநாள் அந்தப் பதிலில் சிக்கிக்கிடந்தேன். தாமதத்தால் உயிர் போகவில்லை என்றால் அநீதியும் இல்லையா? இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இப்போது ஏன் என்று தெரிகிறது. ஒருவரை நம்பாமல் இருப்பதன் தவறு, அதன் விளைவு எப்படி முடிந்தது என்பதில் தங்கியிருக்கவில்லை. நோய் வாயுவாகவே இருந்திருந்தாலும், கை வைத்துப் பார்க்காமல் "வயசு" என்றது தவறுதான். அவளைக் கேட்டுவிட்டு, கை வைத்துப் பார்த்துவிட்டு, நாள் குறித்து அனுப்பியும் நோய் தப்பியிருந்தால், அது துயரம். அநீதி ஆகாது. துயரத்துக்கு அழலாம். அநீதிக்குப் பதில் கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் நல்ல மருத்துவரும் குற்றவாளி ஆவார், அலட்சியக்காரரும் விதியின் பெயரால் தப்பிவிடுவார்.

துயரத்திலிருந்து பதிலுக்குப் போன ஒரு பெண்ணை நாம் அறிவோம். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று விடாமல் கேட்டார். இந்திய மாதர் சங்கத்தின் நிதி திரட்டலில் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. கேட்டு வாங்கியவர்கள் பெண்கள் என்பதை அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்களால் மருத்துவமனை கட்ட முடியாது. எங்கள் மகளிர் குழுவில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கூட்டத்தில் கடன் வசூல் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: உடம்புல ஏதாவது புதுசா இருக்கா, எத்தனை நாளா? அவரவர் சொன்ன சொல்லிலேயே, தேதியோடு எழுதுகிறோம். மூன்று வாரத்துக்குப் பிறகும் அதே வரி வந்தால் இரண்டு பேர் கூடப் போகிறோம். மருத்துவரிடம் நோட்டைக் காட்டி, கை வைத்துப் பாருங்கள் என்று கேட்கிறோம். பெரும்பாலும் வாயுதான். சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் பெரியம்மா சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். "உள்ள இன்னாவோ கீதும்மா. வலியெல்லாம் இல்ல. பாரம். குனிஞ்சா முன்னால வந்து இடிக்குது." அவள் சொன்ன அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது.